இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

2024ஆம் ஆண்டுச் சித்திரைப் புதுவருடத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாலை வேளையில் எனது பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். கணினி விஞ்ஞானம் பயின்று, யாழ்ப்பாணத்தில் தன் வீட்டு முன்னறையில் இருந்தவாறே அமெரிக்க வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து நன்றாகச் சம்பாதிப்பவன். புதுவருடத்தை ஒட்டிப் பழைய மாணவர் வந்து போவது வழக்கந்தான் என்று எண்ணி எழுந்து வரவேற்றேன். அவனோ அமருமுன்னரே விடயத்துக்கு வந்துவிட்டான்.

“சேர், கல்லூரிக் கந்தோரிலை பக்ஸ் மெசின் இப்பவும் இருக்கோ?”

“மெசின் இருக்குது தம்பி. அதுக்கு மேலை பூச்சாடி ஒண்டும் இருக்குது. லைனை வெட்டிக் கனகாலம்” என்றேன்.

அவன் முகம் வாடியது. கையிலிருந்த ஆறு பக்கக் கடதாசிக் கட்டை மேசைமேல் வைத்தான். அது ஐக்கிய அமெரிக்காவின் உண்ணாட்டு இறைவரிச் சேவைக்கு அனுப்ப வேண்டிய வரிப் படிவம்.

அமெரிக்கரோடு தொழில் செய்வதற்கு வசதியாக வயோமிங் மாநிலத்தில் தன் பெயரில் சிறு கம்பனி ஒன்றை அவன் பதிவு செய்திருந்தான். இலங்கையில் இருந்துகொண்டே அவ்வாறு பதிவு செய்ய அந்நாட்டுச் சட்டம் இடங்கொடுக்கின்றது. ஆயின், வெளிநாட்டார் ஒருவர் தனியே உடைமை கொண்ட அத்தகைய கம்பனி, அமெரிக்காவிலே வரி செலுத்த வேண்டிய வருமானம் இல்லாதபோதும், உடைமையாளருக்கும் கம்பனிக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல்களை ஆண்டுதோறும் அறிவித்தல் வேண்டும். 2017ஆம் வரியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. 5472ஆம் இலக்கப் படிவத்தை நிரப்பி, 1120ஆம் இலக்கப் படிவத்தின் முகப்புப் பக்கத்தை அதற்கு மேலுறைபோல் இணைத்து, ஏப்பிரில் 15ஆந் தேதிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் தண்டம் 25,000 டொலர். அந்நாளைய நாணயமாற்றில் அது ஏறத்தாழ 75 இலட்சம் ரூபா. ஓர் இளைஞன் வீட்டு முன்னறையிலிருந்து உழைத்துக் கட்டக்கூடிய தொகையன்று.

படிவத்தை எப்படி அனுப்புவது? அங்கேதான் வேடிக்கை. உலகிலேயே கணினித் தொழிலில் முன்னிற்கும் அந்த நாட்டில், இந்தப் படிவத்தைக் கணினி வழியாக அனுப்ப அப்போது வழியில்லை. யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரிலுள்ள கந்தோருக்குத் தபாலில் அனுப்பலாம். அல்லது தொலைநகலில் அனுப்பலாம். யாழ்ப்பாணத்துத் தபால் யூட்டா போய்ச் சேர எத்தனை கிழமை ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சியது தொலைநகல்.

“போனிலையே பக்ஸ் அனுப்பிற செயலி கனக்க இருக்குது சேர். ஒண்டை இறக்கிப் பாக்கிறன்” என்று சொல்லி எழுந்தான். நல்லது என்று வழியனுப்பி வைத்தேன். அந்த நேரத்தில் நான் அவனிடம் இரண்டொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பலகார வேலைக்கு மாவரைக்கும் ஆலைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

தொலைநகல் என்றதும் தொலைபேசியின் பிள்ளை என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அது தொலைபேசிக்கு மூத்தது. அலெக்சாந்தர் பெயின் என்ற ஸ்கொத்லாந்து மணிக்கூட்டுத் தொழிலாளி, எழுத்தையும் படத்தையும் மின்கம்பி வழியே அனுப்பும் முறைக்கு 1843ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை பெற்றார். கிரகாம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றது 1876இல். இடையில் 33 ஆண்டுகள். இத்தாலியரான கசெல்லி என்னும் பாதிரியார் இக்கருத்தை வளர்த்து அமைத்த யந்திரம் 1865ஆம் ஆண்டில் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே பொதுமக்கள் சேவையாக இயங்கியது. அதனை அக்காலத்தார் எதற்குப் பெரிதும் பயன்படுத்தினார்கள் தெரியுமா? வங்கிக் கொடுக்கல் வாங்கலில் கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கு! தந்தி சொற்களை மாத்திரம் கொண்டு செல்லும். அனுப்பியவன் இன்னான் என்று அதனால் காட்ட முடியாது. கையெழுத்தின் வளைவும் நெளிவும் அப்படியே போய்ச் சேர வேண்டுமாயின் படம் போக வேண்டும். அன்று பாரிசு வங்கிக்காரர் கண்ட இந்த நன்மையே இன்றும் வரிக் கந்தோரில் தொலைநகலை வாழவைக்கும் காரணங்களுள் முதன்மையானது.

1966ஆம் ஆண்டில் சீரொக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட யந்திரம் 46 இறாத்தல் நிறையுடையது. ஒரு பக்கத்தை அனுப்ப ஆறு நிமிடம் எடுத்தது. 1980இல் உலக நாடுகள் ஒரு பொது விதியை ஏற்றுக்கொண்ட பின்னர் அது ஒரு நிமிடத்துக்குள் வந்தது. யப்பானியர் இதனை ஆவலோடு கைக்கொண்டமைக்கு அவர்தம் எழுத்தே காரணம். ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துகளைத் தட்டெழுத்துப் பொறிக்குள் அடக்குவது பெரும்பாடு. எழுதிய தாளையே படமாக அனுப்புவது எளிது. தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் தந்தி அடித்துப் பழகிய நமக்கு அவர்கள் மகிழ்ச்சி விளங்கும்.

யந்திரம் செய்வது இதுதான். தாளை மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகளாக வகுத்துக்கொள்கின்றது. ஒவ்வொரு கோட்டிலும் 1,728 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்பதே அதன் கேள்வி. சாம்பல் நிறம் என்ற ஒன்று அதற்குத் தெரியாது. சாதாரண நுணுக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ நான்கு கோடுகள். கணக்குப் பாடம் படிக்கும் மாணவர் பெருக்கிப் பார்த்தால், ஓர் ஏ-நான்கு தாளுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் வருவதைக் காண்பர். ஒரு செக்கனில் 9,600 விடைகளைச் சொல்லும் கம்பியில் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்க மூன்று நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே யந்திரம் ஒரு தந்திரம் செய்கின்றது. ‘வெள்ளை, வெள்ளை, வெள்ளை’ என்று ஆயிரம் முறை ஓதாமல், ‘வெள்ளை ஆயிரம், கறுப்பு நான்கு’ என்று தொகுத்துச் சொல்கின்றது. அடிக்கடி வரும் அளவுகளுக்குக் குறுகிய குறியீடும் அரிதாக வருவனவற்றுக்கு நீண்ட குறியீடும் வைத்திருக்கின்றது. பெரும்பாலும் வெற்றிடமான கடிதம் விரைந்து போவதும், கறுப்பு அப்பிய படம் கிடந்து இழுபடுவதும் இதனாலேதான்.

இக்குறியீடுகள் ஒலியாக மாறியே கம்பியில் செல்கின்றன. பழைய யந்திரங்கள் தொடங்கும்போது கீச்சிட்ட அந்தச் சத்தத்தை நாற்பது வயதைத் தாண்டியவர் மறந்திருக்க மாட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் வெள்ளவத்தையில் தடுக்கி விழுந்தால் ஒரு ‘கொமியூனிகேசன்’ கடை. பிறநாட்டிலுள்ள பிள்ளையோடு பேச வந்த தாய்மாரும், ‘ஸ்பொன்சர்’ கடிதம் வரும் என்று காத்திருந்த இளைஞரும் அங்கே வாங்கில் நெருக்கியிருப்பர். கீச்சொலி கேட்டதும் அத்தனை தலைகளும் யந்திரத்தின் பக்கம் திரும்பும். சுருண்டு விழும் தாளைக் கடைக்காரர் எடுத்து முதலில் தாம் வாசித்து, பின்னர் பெயரை உரக்கக் கூப்பிடுவார். கடவுச்சீட்டுப் பிரதி, வங்கிக் கணக்கு, கலியாணப் பேச்சு எல்லாம் அந்த மேசைமேல் முகம் மேல்நோக்கிக் கிடக்கும். எவருடைய மகனுக்கு விசா மறுக்கப்பட்டது என்பதை அவன் தாய்க்கு முன்னர் அந்தக் கடை அறிந்துவிடும். எமது தகப்பனார் அவ்வாறு வந்த கடிதம் ஒன்றைப் பத்திரமாகக் கோவையில் வைத்திருந்தார். வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாள் அது. சில ஆண்டுக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது ஓர் எழுத்துக்கூட இல்லாமல் வெளிறிக் கிடந்தது.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் நன்று. திறன்பேசியால் தொலைநகல் ‘அனுப்பும்’போது, அந்தப் பேசி தானாகத் தொலைநகல் ஒலியை எழுப்புவதில்லை. கைத்தொலைபேசியின் பேச்சுவழி மனிதக் குரலுக்கென்றே நெய்யப்பட்டது. குரலுக்கு வேண்டாததைக் கழித்துவிட்டுச் சுருக்கி அனுப்புவது அதன் இயல்பு. தொலைநகலின் கீச்சொலியை அதில் விட்டால் மறுமுனைக்குப் போவது சிதைந்த ஒலியே. ஆகவே செயலி செய்வது வேறு. நீங்கள் பிடித்த படத்தை இணைய வழியாகத் தன் நிறுவனத்துக் கணினிக்கு அனுப்புகின்றது. அந்தக் கணினி எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு, உங்கள் சார்பாகத் தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றி, ஒலியெழுப்பி, பக்கங்களை ஒப்புவிக்கின்றது. வெள்ளவத்தைக் கடைக்காரர் போய்விட்டார் என்று நாம் நினைக்கின்றோம். அவர் போகவில்லை, முகம் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

புதுவருட நாள் பிற்பகல் மாணவன் மீண்டும் வந்தான். கைவிசேடம் வாங்க வந்தவன் முகம் அப்படியிருக்காது.

“சேர், வேறை ஆரோடையோ மெசினுக்குப் போட்டுது.”

நடந்தது இவ்வளவே. என்னைப் பார்த்துச் சென்ற இரவே இலவசச் செயலி ஒன்றை இறக்கி, படிவத்தைப் படம்பிடித்து, விளக்கவுரைத் தாளைப் பார்த்து இலக்கத்தைத் தட்டி அனுப்பியிருக்கிறான். ‘வெற்றி: 6 பக்கங்களில் 6’ என்று மின்னஞ்சல் வந்தது. நிம்மதியாக உறங்கினான். புதுவருடக் காலையில் அந்த மின்னஞ்சலை அச்சிட்டுக் கோவையில் இடும்போது ஏதோ ஐயம் தோன்ற, விளக்கவுரையை அருகில் வைத்துப் பார்த்தான். கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறியிருந்தன.

ஆயின் ‘வெற்றி’ என்று வந்ததே? வரத்தான் செய்யும். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் மறுமுனை யந்திரம் ‘பெற்றேன்’ என்று ஒரு குறி அனுப்புகின்றது. அதன் பொருள், ஏதோ ஒரு யந்திரம் அந்தப் பக்கத்தைப் பெற்றது என்பதே. அது யாருடைய யந்திரம் என்று அக்குறி சொல்வதில்லை. தொடக்கத்தில் மறுமுனை தன் இலக்கத்தை அறிவிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு 20 இடங்கள் ஒதுக்கியிருக்கின்றனர். அங்கேயும் உடைமையாளர் எதைப் பதிந்து வைத்தாரோ அதுதான் வரும். ஒன்றும் பதியாமல் விட்டால் வெறுமையாய் வரும். மாணவனுக்கு வந்த அறிக்கையில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. மின்னஞ்சல் இலக்கு பிழைத்தால் பெரும்பாலும் திரும்பி வந்து நம்மை எச்சரிக்கும். தொலைநகல் இலக்கு பிழைத்து, அங்கேயும் ஒரு யந்திரம் இருந்துவிட்டால், ‘வெற்றி’ என்ற சொல்லே திரும்பி வருகின்றது.

தேதி 14. படிவம் 15க்குள் சேர வேண்டும். அவன் பெயர், விலாசம், வரி இலக்கங்கள், கம்பனியில் இட்ட முதல், எடுத்த பணம், கையொப்பம் எல்லாம் அமெரிக்காவில் முன்பின் அறியாத எவரோ ஒருவர் யந்திரத்தில். 25,000 டொலர் அச்சம் ஒருபுறம், இது மறுபுறம்.

“முதலிலை ஒரு தேத்தண்ணி குடி. பிறகு முழுதையும் முதலிலிருந்து பாப்பம்” என்றேன். நான் தமிழும் வரலாறும் படிப்பிப்பவன். கணினி எனக்கு அவனே கற்பித்த பாடம். ஆனால் ஒரு கடதாசி எத்தனை கை மாறிப் போகின்றது என்று கேட்பதற்குக் கணினி அறிவு வேண்டியதில்லை. அதைத்தான் அன்று இருவரும் இருந்து எண்ணினோம்.

முதலாவது கை அவனது சொந்தப் பேசியே. படிவத்தைச் சாதாரண ஒளிப்படமாகவே எடுத்திருந்தான். படம் பேசியின் தொகுப்பில் நின்றது. அங்கிருந்து தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏறியது. கனடாவிலுள்ள தமக்கை குடும்பத்தோடு படங்களைப் பகிரும் ஏற்பாடு ஒன்றை அவன் முன்னரே செய்து வைத்திருந்தமையால், குழந்தையின் பிறந்தநாட் படங்களுக்கு நடுவே வரிப் படிவமும் அங்கே போய் இருந்தது. நாம் பேசிக்கொண்டிருக்கையிலேயே தமக்கை அழைத்தார். “தம்பி, அமெரிக்காக் கடிதம் ஒண்டு வந்திருக்கு, உனக்கு என்ன கரைச்சல்?” என்று. அந்த நேரத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது கை செயலி. அது யாருடையது, எந்த நாட்டில் பதிந்த நிறுவனம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பல இலட்சம் பேர் இறக்கியிருக்கிறார்கள், ஆகவே நல்லதுதான் என்றான். 2019ஆம் ஆண்டில், பத்துக் கோடிக்கு மேற்பட்ட முறை இறக்கப்பட்ட ஒரு தாள்-படச் செயலிக்குள் தீங்கு செய்யும் நிரற்கூறு ஒளிந்திருந்ததைக் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர் வெளிப்படுத்தினர். கூகிள் நிறுவனத்தார் அதனைத் தம் கடையிலிருந்து அகற்ற நேர்ந்தது. விளம்பரத்துக்கென்று சேர்த்துக்கொண்ட ஒரு துணைப் பகுதி வழியாக அது உட்புகுந்திருந்தது. இலவசத்துக்கு விலை விளம்பரம். விளம்பரத்தோடு வருவது யாரென்று வீட்டுக்காரருக்கே தெரியாமற் போகலாம். கூட்டம் கூடுகிற கடையில் பண்டம் நல்லதாக இருக்கும் என்ற நமது சந்தை ஞானம் இங்கே முழுதும் பலிப்பதில்லை.

மூன்றாவது கைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதுவே இலக்கத்தைச் சுழற்றும் நிறுவனத்தின் கணினி. பேசியிலிருந்து அக்கணினி வரை படம் பூட்டிய பெட்டிக்குள் செல்வதுபோலக் குறியாக்கம் பெற்றே செல்கின்றது. செயலியின் விளம்பரத்தில் ‘மிகப் பாதுகாப்பானது’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியைப் பற்றியே. அங்கே போனதும் பெட்டி திறக்கப்படுகின்றது. திறந்தே ஆக வேண்டும். மூடிய படத்தைப் புள்ளியாக எண்ணி ஒலியாக்க முடியாது. கடவுச்சொல் இட்டுப் பூட்டிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பலாம். தொலைநகலுக்குப் பூட்டு என்பதே இல்லை. அனுப்பிய பின்னர் அந்தத் திறந்த படம் என்ன ஆகின்றது? சில நிறுவனங்கள் அழித்துவிடுகின்றன. சில, வாடிக்கையாளர் மீண்டும் பார்க்க வசதியாக என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கின்றன. 2019ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மருத்துவர்களுக்குத் தொலைநகல் சேவை வழங்கிய ஒரு நிறுவனத்தின் கணினி, கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது கண்டறியப்பட்டது. அதில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் இருந்தன. நோயாளர் பெயரும், நோயும், மருந்துச் சீட்டுமாக. கம்பியில் ஒட்டுக் கேட்டு எவரும் அவற்றைத் திருடவில்லை. நடுவே இருந்த கணினியின் கதவு பூட்டாமல் கிடந்தது.

மின்கம்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதில் செல்லும் ஒலிக்குக் குறியாக்கம் இல்லையென்பது மெய். ஆயினும் அதனை இடைமறிக்க வேண்டுமாயின் அந்தப் பாதையில் கை வைக்கக்கூடிய ஒருவர் வேண்டும். எமது மாணவனின் ஆறு பக்கத்துக்காக அப்படி ஒருவர் மினக்கெடமாட்டார். சேரும் யந்திரத்தின் கதை வேறு. தொலைநகலில் கிருமி வராது என்று கந்தோர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தன. 2018ஆம் ஆண்டில் செக் பொயின்ற் நிறுவனத்து ஆய்வாளர், தொலைநகல் இலக்கம் ஒன்றை மாத்திரம் தெரிந்துகொண்டு, திட்டமிட்டு அமைத்த ஒரு படத்தை அனுப்பி, அச்சு யந்திரத்தையே தம் வசப்படுத்திக் காட்டினர். உற்பத்தியாளர் உடனே திருத்தம் வெளியிட்டனர். அதே ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஏறத்தாழ 9,000 தொலைநகல் யந்திரங்கள் இருப்பது கணக்கெடுக்கப்பட்டது; புதியவற்றை வாங்கலாகாது என்று 2019 சனவரி முதல் தடையும் வந்தது. ஆனால் வரிக் கந்தோருக்குக் கையால் இட்ட ஒப்பமும், தேதியிட்ட அறிக்கையும் வேண்டியிருக்கின்றன. கேட்பவர் அவர், கொடுக்க வேண்டியவர் நாம். ‘உங்கள் முறை பழையது’ என்று அவருக்கு உபதேசிப்பதால் தண்டம் குறையப்போவதில்லை.

மாலை நான்கு மணிக்கு வேலையைத் தொடங்கினோம். இணையத்தில் ஒருவர் தம் காணொளியில் சொன்ன இலக்கத்தையோ, மூன்றாம் பேர்வழியின் பட்டியலையோ தொடாமல், இறைவரிச் சேவையின் சொந்தத் தளத்திலிருந்து அவ்வாண்டுக்குரிய விளக்கவுரையைப் புதிதாக இறக்கினோம். நிறுவனத்தைத் தெரிவதில் ஒரு மணிநேரம் போயிற்று. விலாசமும் உரிமையாளரும் வெளிப்படையாக உள்ளதா, அனுப்பியதும் பக்கங்களை அழிக்கும் ஏற்பாடு எழுத்தில் உள்ளதா, கணக்குக்குள் நுழையக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் கேட்கின்றதா என்று பார்த்தோம். அப்படியொன்று கிடைத்தது, சில டொலர் கட்டணம். அறிக்கையோடு படிவத்தின் முழுப் பிரதியையும் மின்னஞ்சலில் இணைக்கும் வசதி அதில் தானாகவே இயங்கும்படி இருந்தது. அதை நிறுத்தினோம். இல்லாவிட்டால் பூட்டிய பெட்டியில் அனுப்பியதன் நகல் மின்னஞ்சற் பெட்டியில் ஆண்டாண்டுக்கும் கிடக்கும்.

பின்பு படம் பிடித்தல். முதன்முறை மேசை விளக்கின் கீழ் பிடித்த படத்தில் அவன் கையின் நிழல் ஒரு மூலையில் விழுந்திருந்தது. கண்ணுக்கு அது வெறும் சாம்பல் நிழல்; யந்திரத்துக்குச் சாம்பல் தெரியாது என்று முன்னர் சொன்னேனல்லவா? அந்த மூலை முழுதும் கறுப்பாகி, அதனடியில் இருந்த தொகை மறைந்துபோயிருந்தது. சரியான இலக்கத்துக்குப் போயிருந்தாலும் அந்தப் பக்கத்தை எவரும் வாசித்திருக்க முடியாது. இம்முறை விறாந்தையில், சாயும் வெயிலுக்கு முகங்கொடுத்து, தாளைப் பலகைமேல் தட்டையாக வைத்து, சேவையின் செயலிக்குள்ளிருந்தே படம் பிடித்தோம். பேசியின் தொகுப்பில் ஒன்றும் விழவில்லை. நீல மையில் இட்ட ஒப்பம் மெலிந்து தெரிந்தமையால் அந்தப் பக்கத்தைப் புதிதாக அச்சிட்டுக் கறுப்பு மையில் ஒப்பமிட்டான். முகப்பின் தலையில், வெளிநாட்டார் உடைமை என்பதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் எழுதப்பட்டிருக்கின்றதா என்று பார்த்தேன். அதில்லாவிட்டால் படிவம் வேறு கட்டில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கம்பனியின் பெயரும், ‘இத்தனையில் இத்தனையாவது பக்கம்’ என்பதும் எழுதினோம். முகவுரைத் தாளில் வரி இலக்கம் எதையும் எழுதவில்லை. யந்திரத்தருகே போகிறவர் வருகிறவர் எல்லாம் காணும் தாள் அது.

இலக்கத்தை அவன் தட்டினான். நான் விளக்கவுரையைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பாராமல் அவன் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லச் சொல்லச் சரிபார்த்தேன். தட்டியவனே சரிபார்த்தால் கண் தான் எண்ணியதையே காணும். இது விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எல்லோரும் அறிந்தது. பிறகு நான் சொல்ல அவன் பார்த்தான். அதற்குப் பின்னரே பொத்தானை அழுத்தினான்.

முதல் இரண்டு முறையும் மறுமுனை ஈடுபட்டிருந்தது. ஏப்பிரில் நடுப்பகுதியில் அது புதுமையன்று; அந்நாட்டார் அனைவரும் கடைசி நாளுக்குக் காத்திருப்பவர் போலும், நம்மவரைப் போலவே. மூன்றாவது முறை சென்றது. ஆறு பக்கங்களும் போய்ச் சேர்ந்ததாக இரவு எட்டு மணியளவில் அறிக்கை வந்தது. இலக்கத்தை மீண்டும் ஒப்பிட்டோம். சரியாக இருந்தது. அறிக்கையை அச்சிட்டு, படிவத்தின் மூலத்தோடு கோவையில் வைத்தான். அப்பால் பழைய படங்களை அழிக்கும் வேலை. தொகுப்பிலிருந்து அழித்தால் போதாது. அழித்தவை சில நாள் தங்கும் கூடை ஒன்று பேசிக்குள் இருக்கின்றது, இணையச் சேமிப்பிலும் அப்படியொன்று இருக்கின்றது. இரண்டையும் வெறுமையாக்கினான். இலவசச் செயலியை நீக்குமுன், அதனுள்ளே இருந்த கணக்கை மூடுமாறு எழுதிக் கேட்டான். செயலியைப் பேசியிலிருந்து அகற்றுவதால் நிறுவனத்துக் கணினியில் உள்ளது அகன்றுவிடாது. தமக்கையும் கனடாவில் தம் பங்குக்கு அழித்தார்.

அந்தப் பிழையான இலக்கம் மாத்திரம் மீந்தது. அதற்கு என்ன செய்வது? வீட்டார் உறங்கிய பின்னும் இருவரும் விறாந்தையில் இருந்து பேசினோம். ஈற்றில் ஆங்கிலத்தில் ஒரு சிறு கடிதம் எழுதினோம். ‘தவறுதலாகத் தங்களுக்கு வந்த ஆறு பக்கங்களையும் வாசியாது அழித்துவிடுமாறு தயவுடன் வேண்டுகின்றோம், அழித்தமையை இந்த மின்னஞ்சலுக்கு அறிவித்தால் நன்றியுடையோம்’ என்று. பெயரைக்கூட முழுதாக எழுதவில்லை. அதையும் தொலைநகலில் அனுப்பினோம். ‘வெற்றி: 1 பக்கத்தில் 1’ என்று வந்தது.

2025ஆம் ஆண்டும் அவன் ஏப்பிரில் முதற் கிழமையிலேயே படிவத்தோடு வந்தான். இம்முறை இலக்கத்தைச் சரிபார்த்தவள் என் இளைய மகள், எட்டாம் வகுப்பு. அவளுக்குத் தொலைநகல் என்றால் என்னவென்று விளக்கவே அரைமணி நேரம் சென்றது. “ஏன் மாமா, போட்டோவை இமெயிலிலை அனுப்பினால் என்ன?” என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் கல்லூரிக் கந்தோர்ப் பூச்சாடியை நினைத்துக்கொண்டேன்.

அந்த மற்றைய இலக்கத்திலிருந்து இன்றுவரை மறுமொழி இல்லை.